வெள்ளம் வந்தால் எங்கே போவது? மாரிக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

ஐப்பசி பிறந்துவிட்டது. விதைப்பு முடிந்த வயல்களில் பயிர் விரல் நீளத்துக்கு எழும்பி நிற்கிறது. கச்சான் காற்று ஓய்ந்து, விடியப்புறத்தில் வாடை மெல்லத் தொடத் தொடங்கியிருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கும் படுவான்கரைக்காரர்களுக்கு இது மனம் நிறைகிற காலம்தான். ஆனால் இதே காலத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வருசம் தவறாமல் தொடங்கி, முடியாமலே நின்றுவிடும். "இந்தமுறை வெள்ளம் வந்தா எங்க போற?" என்று அம்மா கேட்பார். "வந்தாப் பாப்பம்" என்று நாங்கள் மூன்று சகோதரிகளில் யாராவது ஒருவர் சொல்வோம். அதோடு சரி.

2011 ஜனவரியில் அந்த "வந்தாப் பாப்பம்" எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் மறக்கவில்லை. இரவு ஒரு மணி இருக்கும். தண்ணீர் சத்தம் போட்டு வரும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. அடுக்களைக் கதவின் அடியால் ஒரு கறுத்த கோடு சீமெந்துத் தரையில் நகர்ந்து வந்தது. அந்தக் கோட்டுக்கு முன்னால் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. லாம்பைத் தூக்கிப் பிடித்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் கோடு மா இடிக்கும் உரலைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்கினோம். வெளியே ஒழுங்கை எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. விடியும்வரை அம்மாவைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, பிள்ளைகளை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தோம்.

அந்த வருசம் நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பு மாவட்டம்தான் ஆகக் கூடுதலாக அடிபட்டது. வடிந்து வீடு கழுவி முடிய, பெப்ரவரியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. இரண்டுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைத்த நாட்களிலும் நாங்கள் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

அதனால் இதை எழுதுகிறேன். வெள்ளம் வந்தால் எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: வீட்டிலேயே இருப்பது, உறவுக்காரர் வீட்டுக்குப் போவது, பள்ளிக்கூடத்துக்குப் போவது. மூன்றிலும் இருந்து பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. எப்போது எது நல்லது என்று சொல்லலாம்.

வீட்டிலேயே இருப்பது

வீட்டை விட்டுப் போக மனம் வராததற்குக் காரணங்கள் உண்டு. மாடு நிற்கிறது. கோழி இருக்கிறது. போன போகத்து நெல் மூட்டை சாப்பாட்டுக்கென்று அடுக்கிக் கிடக்கிறது. ஆளில்லாத வீட்டில் தண்ணீர் மோட்டரும் கேஸ் சிலிண்டரும் காணாமல் போன கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இதைப் பேராசை என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு கறவை மாடு போனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருசம் போனது மாதிரி.

ஆனால் வீட்டில் இருப்பதற்கு வீடு தகுதியாக இருக்க வேண்டும். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: 2011இல் தண்ணீர் ஏறிய அடையாளத்தைச் சுவரில் பாருங்கள். பல வீடுகளில் பூச்சுக்கு அடியில் அந்தக் கறை இன்னும் இருக்கும். பழைய ஆட்களிடம் கேட்டால் முழங்கால், இடுப்பு என்று கை வைத்துக் காட்டுவார்கள். உங்கள் வீட்டுத் தரை அந்த அடையாளத்தை விட ஒரு அடியாவது உயரமா? அல்லது ஏறி இருக்கக்கூடிய கொங்கிரீட் பிளேட் போட்ட இடம் ஒன்று இருக்கிறதா? இரண்டில் ஒன்றாவது இருந்தால் தங்குவதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

தரை உயரம் சரி என்றாலும் சில வீடுகளில் தங்கக் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை, படுத்த படுக்கையில் இருப்பவர், சிறுநீரக நோய்க்கு இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருபவர் இருக்கும் வீடு அப்படிப்பட்டது. தண்ணீர் வீட்டுக்குள் வராமலே இவர்களுக்கு ஆபத்து வரும். வீதி மூடினால் போதும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை. அது வாவிக்கு அந்தப் பக்கம். காற்றும் நீரோட்டமும் கூடினால், வாவியைக் கடத்திவிடும் குருமண்வெளிப் பாதைப் படகு ஓடாது. பட்டிருப்புப் பாலத்துக்கு வர வேண்டிய வீதியில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் குறுக்கே பாயும். அப்போது வீடு காய்ந்து கிடந்தும் பயனில்லை.

தங்குகிறவர்கள் செய்ய வேண்டிய ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். பிளக் பொயின்ட்டுக்கு வரும்வரை பார்த்திருக்கக் கூடாது. நனைந்த கையோடு, தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவும் கூடாது. கேஸ் சிலிண்டரை மூடி, கழற்றி, ஜன்னல் கம்பியில் கட்டி வைக்க வேண்டும். பாதி முடிந்த சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். எங்கள் அடுக்களையில் அது மிதந்து திரும்பித் திரும்பிக் கதவில் இடித்த சத்தம் அன்று பிள்ளைகளைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நமக்கு உயரமான காய்ந்த இடம் தேவைப்படுவது போல அதற்கும் தேவை. அடுக்கி வைத்த நெல் மூட்டை, விறகுக் கும்பி, கூரை வளை எல்லாவற்றிலும் ஏறும். தங்குவதென்றால் ரோச் லைட் இல்லாமல் இரவில் கை கால் வைக்கக் கூடாது.

உறவுக்காரர் வீடு

மூன்றிலும் மனதுக்கு இதமானது இதுதான். சொந்தச் சமையல், தெரிந்த முகங்கள், பிள்ளைகளுக்குப் பயமில்லை, பெண்களுக்குக் குளிக்க, உடுப்பு மாற்ற மறைவு. யாரைக் கேட்டாலும் "அக்கா வீட்ட போவம்", "மச்சாள் வீட்ட போவம்" என்றுதான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் எங்கள் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை நான் வெள்ளத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். கிழக்கில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குப் போகும். அம்மாவின் வளவிலேயே மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் அடுத்தவளுக்கு ஒரு வீடு, கடைசியாக இளையவளுக்கு அம்மாவின் வீடு. எங்கள் வளவிலும் அப்படித்தான்: அக்கா, நான், தங்கச்சி. நல்ல நாளில் இதைப் போல பலம் வேறில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சமைப்பாள். வெள்ளம் வந்தபோது மூன்று வீடும் ஒரே மட்டத்தில், ஒரே மணித்தியாலத்தில் நனைந்தன. பெரியம்மாவின் பிள்ளைகள் வீடு? அடுத்த ஒழுங்கை. அதே பள்ளம். ஓடிப் போகலாம் என்று நாங்கள் நம்பியிருந்த உறவெல்லாம் எங்களோடு சேர்ந்தே தண்ணீரில் நின்றது.

ஆகவே உறவுக்காரர் வீடு என்று முடிவெடுத்தால், அந்த வீடு வேறு மட்டத்தில், வேறு தண்ணீர்ப் பாதையில் இருக்க வேண்டும். நவகிரிக் குளமும் உன்னிச்சைக் குளமும் நிரம்பி வான் பாயும்போது நனையும் ஊர்கள் ஒருவகை. மழைநீர் கடலுக்கு வடியாமல் தேங்கி நனையும், வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்து எழுவான்கரை ஒழுங்கைகள் இன்னொருவகை. கல்லோயாவின் சேனாநாயக்க சமுத்திரத்தில் கதவு திறந்தால் சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கத்து வயல்கள் தாங்க வேண்டும். நாவிதன்வெளியில் இருப்பவர் கல்முனையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், நடுவில் கிட்டங்கித் தாம்போதி, தண்ணீர் மேலால் போகத் தாழ்வாகக் கட்டிய வீதி, இருக்கிறது. கிரானுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் புலிபாய்ந்தகல் வீதி. இரண்டும் மாரிக்கு மாரி மூழ்கி, வள்ளத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இடங்கள். போகும் வீடு நல்ல வீடாக இருக்கலாம். போகும் வழியையும் சேர்த்துத்தான் அதைத் தெரிவு செய்ய வேண்டும்.

ஆண் பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன வீடுகள் இந்த விசயத்தில் பெரும்பாலும் உதவும். அவை வேறு ஊரில் இருக்கும். தம்பியின் மனைவி வீட்டில் போய்த் தங்குவதற்கு அம்மாவுக்குக் கூச்சம். "சம்பந்தி வீட்டுல போய் எத்தின நாள் இருக்கிற?" என்பார். அந்தக் கூச்சத்தை மாரிக்கு முன்பே போக்க வேண்டும். இந்த முறை நானே மச்சாளிடம் நேரில் போய்க் கேட்டேன். "இதக் கேக்கணுமா மதினி, முதல் மழையோட மாமியக் கூட்டிட்டு வாங்க" என்றாள். கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சொல் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று: உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள். முகாமில் இருப்பவர்களைப் போலவே உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களையும் கணக்கெடுப்பார்கள். சொல்லாமல் போய்விட்டு, உலர் உணவுப் பட்டியலில் பெயர் இல்லை என்று பிறகு மனம் வருந்தியவர்கள் அதிகம்.

பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்றால் முகம் சுளிப்பவர்களைப் புரிகிறது. இரண்டாம் வெள்ளத்தில் நாங்கள் தங்கிய பாடசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம். மலசலகூடத்துக்கு வரிசை. பெண்கள் இரவில் போக முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். என் தங்கச்சிக்கு அதனாலேயே சிறுநீர் எரிவு வந்து காய்ச்சலில் படுத்தாள். கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்து, காலையில் சோக்குத் தூள் தலையெல்லாம் ஒட்டியிருக்க எழும்புவோம்.

ஆனாலும் நான் பள்ளிக்கூடத்தை மட்டமாகப் பேச மாட்டேன். அது கொங்கிரீட் கட்டடம். இரண்டு மாடி இருந்தால் இன்னும் நல்லது. பிரதேச செயலகத்தின் சமைத்த சாப்பாடு முதலில் அங்குதான் வரும். மருத்துவக் குழுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அங்கு வருவார்கள். கடற்படையோ இராணுவமோ வள்ளம் கொண்டுவந்தால் தேடிவரும் இடமும் அதுதான். உறவுக்காரர் வீடு எட்டாதவர்களுக்கு, தகரக் கூரை வீட்டுக்காரர்களுக்கு, தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

ஒரு விசயம் கவலை தருகிறது. மாரியும் பரீட்சையும் ஒரே நேரத்தில் வருகின்றன. 2024 நவம்பர் கடைசியில் மழையும் பெங்கல் புயலும் அடித்தபோது உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்தி டிசம்பருக்குத் தள்ள வேண்டிவந்தது. பரீட்சை நிலையமாக இருக்கும் பாடசாலை முகாமாகவும் இருந்தால் இரண்டு பக்கமும் கஷ்டம். அதனால் எந்தப் பாடசாலை முகாம், எது பரீட்சை நிலையம் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கம் இப்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும். கூடவே பெண்களுக்கென்று இரண்டு மலசலகூடத்தை ஒதுக்கி, அங்கே இரவெல்லாம் விளக்கு எரிய வைப்பதாக எழுத்தில் ஒரு இணக்கம். மாதர் சங்கம் கேட்டால் அதிபர்கள் மறுப்பதில்லை என்பது என் அனுபவம். முதல் வெள்ளத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

நான் கண்டது இதுதான்: எங்கே போகிறோம் என்பதை விட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதே உயிரைக் காப்பாற்றுகிறது. வீதி எப்போதும் வீட்டுக்கு முன்பே மூழ்கும். ஏனென்றால் வயலுக்கு நடுவே ஓடும் வீதியில் தாம்போதியைத் தாழ்வாகக் கட்டுவதே தண்ணீர் அதன் மேலால் போகட்டும் என்றுதான். வீட்டு வாசலில் தண்ணீரைக் கண்ட பிறகு புறப்படுகிறவர் ஏற்கெனவே மூடிய வீதிக்குப் புறப்படுகிறார்.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் நடந்ததை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் குறுக்கே பாய்ந்த வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. காப்பாற்றப்பட்டவர்கள் சிலர். பிள்ளைகள் பலர் சடலங்களாகத்தான் திரும்பினார்கள். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எந்தத் தண்ணீரையும் தாண்டும் என்ற நம்பிக்கை எங்கள் எல்லோரிடமும் இருந்தது. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரிய ஆளின் காலைத் தள்ளும். ஒரு அடி ஒரு சின்னக் காரை நகர்த்தும். இரண்டு அடியில் பெரும்பாலான வாகனங்கள் நிற்காது. கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி உடைந்திருப்பதும் தெரியாது. தேங்கி நிற்கும் தண்ணீரும் ஓடும் தண்ணீரும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஆகவே ஒரு அடையாளம் வேண்டும். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் மூன்று செங்கல் வரிசை வெளியே தெரியும். கீழ் வரிசை மறைந்தால் பைகளைக் கட்டுவது. நடு வரிசை மறைந்தால் அம்மாவும் பிள்ளைகளும் புறப்படுவது, பகலோ இரவோ. மேல் வரிசை மறைந்தபின் யாரும் புறப்படக் கூடாது. அப்போது வீட்டில் உயரமான இடத்தில் இருந்துகொண்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பதுதான் வழி. வான்கதவு திறக்கப் போவதாக அறிவித்தால் மதகைப் பார்க்காமலே புறப்பட வேண்டும். உங்கள் ஊரில் மதகு இல்லையென்றால் ஒரு கம்பத்தில் பெயின்ட் அடிக்கலாம். எல்லா வீட்டாரும் ஒரே அடையாளத்தைப் பார்ப்பது முக்கியம்.

காற்று வந்தால் கணக்கு வேறு

மேலே சொன்னதெல்லாம் தண்ணீருக்கு. சூறாவளிக்கு உயரமான இடம் மட்டும் போதாது, உறுதியான கூரையும் தேட வேண்டும். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. அம்மா அப்போது இளம்பெண். காற்று நின்றது, வெளியே வந்து பார்த்தோம், பிறகு மறுபக்கத்தால் அடித்தது என்பார். சூறாவளியின் நடுக்கண் கடக்கும்போது அப்படித்தான் அமைதியாகும். பின்னால் வரும் காற்று எதிர்த்திசையில், அதே பலத்தோடு வரும். அந்த இடைவெளியில் கூரைத் தகடு பொறுக்க வெளியே போகக் கூடாது.

தகரம், அஸ்பெஸ்டாஸ், ஓடு எல்லாவற்றையும் விட அன்று கொங்கிரீட் பிளேட் ஒன்றுதான் துணை. முழு வீட்டுக்கும் பிளேட் போட முடியாதவர்கள் ஒரு அறைக்காவது, குளியலறைக்காவது போடலாம். இனி வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விசயமும் இதுதான்: முன் விறாந்தையின் அலங்காரத் தூணைக் குறைத்து அந்தக் காசை ஒரு அறையின் பிளேட்டில் போடுங்கள். ஏறப் படி வையுங்கள். வெள்ளத்துக்கும் அது உதவும், காற்றுக்கும் உதவும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உயிரிழப்பு கூடுதலாக மலைநாட்டில், மண்சரிவில். இங்கே பிழைத்துக்கொண்டோம் என்பதை இனியும் பிழைப்போம் என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

காசை எதில் போடுவது

ஜெனரேட்டரா, சூரிய விளக்கா என்று எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். மச்சானுக்கு ஜெனரேட்டர் வேண்டும். நான் எதிர்த்தேன். ஜெனரேட்டருக்குப் பெற்றோல் வேண்டும். வீதி மூடினால் பெற்றோல் இல்லை. வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் வரும் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மழைக்கு வெளியே வைக்கவும் முடியாது. கடைக்காரர், மீன் குளிரூட்டுபவர் என்றால் அவர்களுக்கு அது தேவை. எங்களுக்குத் தேவை மூன்று இரவுக்கு வெளிச்சமும் போனுக்குச் சார்ஜும். இரண்டு சார்ஜ் விளக்கு, ஒரு பவர் பேங்க், ஒரு சின்ன பேட்டரி ரேடியோ. போன் கோபுரம் விழுந்தாலும் ரேடியோ பேசும். மண்ணெண்ணெய் லாம்பை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில் அது வேண்டாம்.

அடுப்பு விசயத்தில் கேஸ் லேசாக வெல்லும். விறகு நனைந்தால் புகைதான். ஆனால் முதல் இரண்டு நாளுக்கு எந்த அடுப்பும் இல்லாமல் சாப்பிடக்கூடியது கையில் இருக்க வேண்டும்: அவல், சீனி, பொரித்த கருவாடு, பிஸ்கட், பால்மா. பிட்டுக்கு மா வறுத்துக் காற்றுப் புகாத வாளியில் வைப்பது எங்கள் அம்மம்மா காலத்து வழக்கம்.

நான் கூடுதலாக யோசித்தது தண்ணீரைப் பற்றி. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தால் மலக்குழித் தண்ணீரும் மாட்டுத்தொழுவத் தண்ணீரும் கிணற்றுக்குள் இறங்கும். கட்டை உயர்த்துவது நல்லது, வருசா வருசம் பயன் தரும், ஆனால் அதற்கு மேசன் வேண்டும், காசு வேண்டும். மேலே ஏற்றிய ஆயிரம் லீட்டர் டேங்க் இருந்தால் நல்லது. இரண்டும் இல்லாதவர்களுக்கு மூடி உள்ள கலன்கள் போதும். ஒரு ஆளுக்குக் குடிக்க ஒரு நாளைக்கு மூன்று லீட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஐந்து நாளைக்கு எழுபத்தைந்து லீட்டர். இருபது லீட்டர்க் கலன் நான்கு. அவ்வளவுதான். சமைக்க, கழுவ என்று எல்லாவற்றுக்கும் பதினைந்து லீட்டர் எடுத்தால் 375 லீட்டர் ஆகிவிடும். அது டேங்க் இருப்பவர்களால்தான் முடியும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்து, சுகாதாரப் பரிசோதகர் தரும் குளோரினைப் போட்ட பிறகே பாவிக்க வேண்டும். அதுவரை கொதித்தாறிய நீர். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்கலாம்.

அம்மாவுக்கு இன்சுலின். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கிளினிக்கில் கேட்டேன். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பியை ஈரமணல் போட்ட முட்டிக்குள், வெயில் படாமல் வைக்கச் சொன்னார்கள். முட்டி ஒன்று வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஊராகச் செய்வது

எங்கள் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, எல்லோரும் காசு போட்டு ஒரு வள்ளம் வாங்குவது. மற்றது, வீதியின் இரு ஓரத்திலும் கம்பு நட்டு, வெள்ளைப் பெயின்ட் அடித்து, தாம்போதியில் கயிறு கட்டுவது. வள்ளத்துக்குத்தான் முதலில் கை உயர்ந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் வள்ளத்தை யார் பராமரிப்பது, யார் ஓட்டுவது, அவர் வீடும் வெள்ளத்தில் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வயசான மீனவர் கேட்டார். பாயும் தண்ணீரில் வள்ளம் வலிப்பது வாவியில் வலிப்பது போல இல்லை என்றும் சொன்னார். அவருடைய பேச்சுக்குப் பிறகு கம்புதான் தீர்மானமாயிற்று. வள்ளத்துக்கு வாவிக்கரை மீனவர் சங்கத்தோடு முன்கூட்டியே பேசி, எரிபொருள் காசைச் சங்கம் பொறுப்பேற்பதாக முடிவு.

கம்பு மலிவானது. இரவில் விளக்கடித்தால் வீதியின் ஓரம் எங்கே என்று தெரியும். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று அதிலேயே அளவுக் கோடு போடலாம். கூடவே ஒரு பட்டியல்: எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எந்த வீட்டில் கர்ப்பிணி, யார் யாரைத் தூக்கிப் போவது. கோயில் ஒலிபெருக்கியிலும், அடுத்த ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஒரே அறிவிப்பைச் சொல்ல இரு நிர்வாகத்தினரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்காலால்தான் வருகிறது.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். மணல் அடைத்திருந்தால் வயல் தண்ணீர் வாவியில் நிரம்பி வடியாமல் நிற்கும்; வெட்டினால் ஓடும், ஆனால் மீன்பிடிக்கும் ஆட்களுக்கு அதனால் வரும் நட்டமும் உண்மை. அதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. எங்கள் விவசாயிகள் சங்கம் வெள்ளம் வருமுன் கடிதம் கொடுக்கிறது. மூழ்கிய பிறகு கேட்பதை விட அது மேல்.

எங்கள் வளவுக்கு எடுத்த முடிவு இது. நடு வரிசைச் செங்கல் மறைந்ததும் அம்மா, பிள்ளைகள், தங்கச்சி எல்லோரும் மச்சாள் வீட்டுக்கு. அவள் வீட்டுக்குப் போகும் வழி மூடியிருந்தால் பள்ளிக்கூடத்துக்கு, மேல்மாடிக்கு. மாட்டை மேட்டுக்கு ஓட்டிக் கட்ட அத்தானும் மச்சானும் பின்தங்குவார்கள், ஆனால் மேல் வரிசை மறையும்வரைதான். அதன்பிறகு மாடு பெரிதல்ல என்று அக்காவின் முன்னால் வைத்து அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம் இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, சுவாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. அக்காவின் நெல் மூட்டைகள் மட்டும் இன்னும் தரையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்ததும் பரணில் ஏற்றுகிறோம்.